போகச் சொல்லும் உரிமை

ஏப்ரல் ஐந்து, சனிக்கிழமை. எழுந்ததும் மோட்டார் போட்டேன். பால் காய்ச்சினேன். அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை கொடுத்தேன், பிறகு இட்லி. தரமணிக்குப் போக வேண்டாத நாள், நான் வேலை பார்க்கும் நூலகத்துக்கு விடுமுறை. ஆகவே போர்வைகளை ஊறவைத்துத் துவைத்தேன். முருங்கைக்கீரையை முறத்தில் போட்டு அம்மாவிடம் ஆயக் கொடுத்துவிட்டு, வாளியோடு மொட்டை மாடிக்கு ஏறினேன்.

இந்தத் தொடரைப் படித்துவருகிறவர்களுக்கு என் டைரிப் பழக்கம் தெரியும். அன்றைக்கு மட்டும் பக்கம் இந்த வரிகளோடு நின்றுவிட்டது. மீதியை இங்கேதான் முதல்முறையாக எழுதுகிறேன்.

போர்வையைக் கொடியில் விரித்துக்கொண்டிருந்தபோது காலடியில் தளம் அதிர்ந்தது. பெரிய அதிர்வில்லை. லாரி போனால் வருவதைவிட ஆழமானது. காதுக்கு வருவதற்கு முன் குதிகாலுக்கு வந்தது. தண்ணீர்த் தொட்டியின் மூடி கடகடத்து அடங்கியது.

கீழே இறங்கி வந்தேன். கீரை முறத்தில் பாதி ஆய்ந்தபடி கிடந்தது. வாசல் கதவு திறந்திருந்தது. அம்மா இல்லை. அவளுடைய செருப்பு மட்டும் இருந்தது.

கீழ் வீட்டு மாமி படியருகே நின்றிருந்தார். நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் அவர்தான்.

"பூகம்பமா விமலா? பாத்திரமெல்லாம் ஆடித்தே. உங்கம்மா வெறுங்காலோட போறா. கூப்டேன், திரும்பிப் பாக்கலை."

எங்கே போயிருப்பாள் என்று எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மந்தைவெளியில் எங்கள் தெருமுனையில் மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிய பெரும்பள்ளம் இருக்கிறது. அதைச் சுற்றித் தகர வேலி. வேலியின் வாயிலுக்கு எதிரே, முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, கைகளை அடிவயிற்றில் கோத்தபடி அம்மா நின்றுகொண்டிருந்தாள். எண்பது வயது. வெயில் ஏற ஆரம்பித்திருந்தது.

"அம்மா, இது மெட்ரோ. மிஷின் ஓடுது, அதான் ஆடுச்சு."

"எனக்குப் பைத்தியம் புடிச்சிக்கிச்சின்னு பாக்கறியா? மெட்ரோன்னு தெரியும்டி" என்றாள். "பூமி ஆடிச்சி. உள்ள ஆளு கீது. நின்னுதான் ஆவணும்."

மேலே போனவர்கள்

நாங்கள் கோலார் தங்கவயல் குடும்பம் என்று முன்பே எழுதியிருக்கிறேன். எப்படி அங்கே போனோம் என்று எழுதியதில்லை.

என் கொள்ளுத்தாத்தா சின்னப்பையன் குடியாத்தம் பக்கத்தவர். ஊருக்கு வெளியே இருந்த தெருவில் பிறந்து, பிறர் நிலத்தில் கூலிக்குக் கட்டுண்டவர். வெள்ளைக்காரர் காலத்துப் பஞ்சம் ஒன்றில் அந்தக் கூலியும் நின்றது. அப்போது மேஸ்திரி ஒருவர் வந்து, மேலே மைசூர்ச் சீமையில் துரைமார்கள் பூமியைக் குடைந்து தங்கம் எடுக்கிறார்கள், வருகிறவனுக்கெல்லாம் வேலை, நாள் தவறாமல் சோறு என்று சொன்னார். சமவெளியில் இருந்தவர்களுக்குத் தங்கவயல் எப்போதும் 'மேலே'தான். 'மேலே போயிட்டான்' என்றால் செத்துப்போனான் என்றும் ஆகுமே என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

சின்னப்பையனும் மனைவி கெங்கம்மாவும் இரண்டு பிள்ளைகளோடு நாயக்கனேரிக் கணவாய் வழியாக நடந்தார்கள். மூத்த பெண்ணுக்கு வழியில் பேதி. கணவாயில் ஒரு புளியமரத்தடியில் அவளைப் புதைத்துவிட்டு, மிச்சமிருந்த ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். அந்த மிச்சம்தான் என் அப்பாவின் அப்பா.

தங்கத்துக்குப் போனவர்கள் என்றுதான் பெயர். எங்கள் குடும்பத்தில் யாரும் அந்தத் தங்கத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. பார்த்தது கல். சுரங்கத்திலிருந்து ஏறுகிறவனை வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிச் சோதித்துத்தான் வெளியே விடுவார்கள். ஆனால் கல்லின் தூசியைச் சோதிக்கமாட்டார்கள். அதை நெஞ்சுக்குள் நிரப்பி வீட்டுக்குக் கொண்டுவரலாம். என் அப்பா, நாங்கள் நைனா என்று அழைத்தவர், அப்படிக் கொண்டுவந்த தூசியால்தான் பல வருடங்களுக்குப் பிறகு இதே மந்தைவெளியில் மூச்சு முட்டி இறந்தார்.

வேலைக்காரர்களுக்குக் கம்பெனி கட்டிக்கொடுத்தவை மூங்கில் தட்டி வீடுகள். வரிசை வரிசையாக இருந்ததால் அவற்றுக்கு 'லைன்' என்று பெயர். ஒரு வீட்டின் சுவர்தான் அடுத்த வீட்டின் சுவர். நான் பிறந்தபோது தட்டி போய் மண்சுவர் வந்திருந்தது. ஆனாலும் இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் குழந்தை விழித்துக்கொள்ளும்.

நிற்கும் முறை

பூமிக்குள் மைல் கணக்கில் குடைந்துவிட்டால், மேலேயுள்ள பாரம் தாங்காமல் பாறை சில சமயம் தானாகவே வெடிக்கும். அங்கே அதை ஏர்பிளாஸ்ட் என்போம். வீட்டில் தட்டு உருளும், தொங்கும் விளக்கு ஆடும். அடுத்த நிமிடம் லைன் முழுக்கப் பெண்கள் தெருவில் இருப்பார்கள். செருப்பு மாட்ட நிற்கமாட்டார்கள்.

மேலே போனவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஊர். சித்தூரிலிருந்து வந்தவள் ஒருத்தி, செய்யாற்றிலிருந்து வந்தவள் ஒருத்தி. ஒருத்திக்குப் புருஷன் செத்தால் கட்டிக்கொண்டு அழ அக்காள் தங்கை கிடையாது. சொந்தமெல்லாம் கணவாய்க்குக் கீழே. ஆகவே அந்தப் பெண்கள் தங்களுக்குள் ஒரு முறை வைத்துக்கொண்டார்கள்.

பூமி ஆடினால் எல்லாரும் சுரங்க வாய்க்குப் போக வேண்டும். ஆட்களை ஏற்றிக்கொண்டு கூண்டு வரும். தன் ஆள் அதில் வந்துவிட்டாலும் ஒருத்தி நகரக் கூடாது. சிரிக்கக் கூடாது. ஓடிப்போய்க் கையைப் பிடிக்கக் கூடாது. கடைசி ஆள் ஏறும்வரை நிற்க வேண்டும். எல்லாரும் ஏறிவிட்டால் எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். யாராவது ஒருத்தியின் ஆள் ஏறவில்லை என்று தெரிந்தால், அவள்தான் மற்றவர்களைப் பார்த்து 'நீங்க போங்க' என்று சொல்ல வேண்டும். அவள் சொல்லாமல் யாரும் கிளம்பக் கூடாது.

அந்த வார்த்தை அவளுடைய உரிமை. ஒருமுறை மழையில் பெண்கள் நிற்பதைப் பார்த்து மனமிளகிய துரைசானி ஒருவர், வண்டியிலிருந்து இறங்கி, துபாஷியை வைத்து எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொன்னாராம். ஒருத்தியும் அசையவில்லையாம். "அவங்க புருசனா உள்ள கீறாரு?" என்று கேட்டாளாம் கூட்டத்தில் ஒருத்தி. துபாஷி அதை மொழிபெயர்க்கவில்லை.

அன்றைக்கு

எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். என் தம்பி முரளி கைக்குழந்தை. இரண்டு நாளாக அவனுக்குச் சுரம். பிற்பகலில் பூமி ஆடியது. அம்மா அவனை என் மடியில் கிடத்திவிட்டு ஓடினாள். பக்கத்து வீட்டுப் பாக்கியம் அத்தையும் ஓடினார். சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட வீடு அது. இருவரும் ஒரே வருடம் கல்யாணமாகி லைனுக்கு வந்தவர்கள். ஒரே அம்மியில் அரைத்தவர்கள்.

மாலையில் முரளிக்கு வலிப்பு வந்தது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. எதிர் வீட்டுத் தாத்தாவிடம் அவனைக் கொடுத்துவிட்டு நான் சுரங்க வாய்க்கு ஓடினேன். தங்கம் பிரித்தெடுத்த கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டிலிருந்து காற்று வெள்ளைத் தூசியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. பெண்கள் பேசாமல் நின்றிருந்தார்கள். நைனா ஏறி வந்து, மற்ற ஆண்களோடு தள்ளி உட்கார்ந்திருந்தார். பாக்கியம் அத்தையின் புருஷன் தேவன் மாமா மட்டும் ஏறவில்லை. அத்தை எல்லாருக்கும் முன்னால் நின்று கூண்டின் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பிக்கு இழுக்குதும்மா" என்றேன்.

அம்மா அத்தையின் முதுகைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். நாங்கள் இருவருமே திரும்பிப் பார்க்கவில்லை.

தேவன் மாமாவை மறுநாள் கொண்டுவந்தார்கள். முரளி அந்த வாரம் முழுக்கக் கிடந்துவிட்டுப் போனான்.

'பாக்கியம் சொல்லாம கெளம்பி வந்தா இல்ல, அதான் புள்ள போச்சி' என்று லைனில் பேசிக்கொண்டார்கள். அம்மாவின் காதுபடவே பேசினார்கள். பாக்கியம் அத்தை அப்படிப் பேசவில்லை. பேசியவர்களை மறுக்கவும் இல்லை. அன்றிலிருந்து அவர் அம்மாவிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். அம்மாவும் போய்க் கேட்கவில்லை. ஒரே சுவருக்கு இருபுறமும் இரண்டு சாவு வீடுகள்.

சுரங்கத்தை மூடிய பிறகு லைன் காலியானது. மேலே போனவர்களின் பிள்ளைகள் வந்த வழியே கீழே இறங்கினார்கள். சென்னையில் எனக்கு வேலை இருந்ததால் அம்மாவும் நைனாவும் இங்கே வந்தார்கள். பாக்கியம் அத்தையின் மகன் கே.கே. நகரில் லேத் பட்டறை வைத்தான், அத்தை அவனோடு வந்தார். தங்கவயல்காரர் வீட்டுக் கல்யாணங்களில் இருவரும் ஒரே பந்தலில் இருப்பார்கள். ஒருவர் முன்வரிசை என்றால் மற்றவர் பின்வரிசை.

வேலிக்கு வெளியே

வேலி வாயிலில் காவலுக்கு இருந்தவர் பெயர் ஏழுமலை. அடையாறு ஆற்றங்கரையில் பிறந்து, குடிசைகளை எடுத்தபோது பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டவர். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார். நல்ல மனிதர். உள்ளே போன் போட்டுக் கேட்டுச் சொன்னார்.

"எல்லாம் நல்லாத்தான் கீறாங்க ஆயா. மிஷினு கல்லுல பூந்துக்கிச்சாம், அதான் ஆட்டம். நீ வூட்டுக்குப் போ."

"நல்லா கீறாங்கன்னா சரி. ஏறட்டும், போறேன்."

"இன்னா ஆயா நீ. உள்ள கீறவன்லாம் ஒடிசா, ஜார்க்கண்டு. உனுக்கு இன்னா சொந்தம்?"

"அவங்க பொண்டாட்டிங்க இங்க இல்லியேப்பா" என்றாள் அம்மா. "அதான் நான் நிக்கறேன்."

ஏழுமலை என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் அம்மாவைப் போகச் சொல்லவில்லை. தன் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அம்மா உட்காரவில்லை. வீட்டுக்கார மாமி மோர் அனுப்பினார், அதை மட்டும் குடித்தாள். செருப்பைக் கொண்டுவந்து காலடியில் வைத்தேன், அவள் போட்டுக்கொள்ளவில்லை. குடையை விரித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

பிற்பகலில் ஷிப்ட் மாறியது. மஞ்சள் தொப்பியும் சேற்றுப் பூட்சுமாக ஆட்கள் ஏறி வந்தார்கள். அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒரு இளைஞன் அவளைப் பார்த்துக் குழம்பி, எதற்கும் இருக்கட்டும் என்று கும்பிட்டான். முடிந்தது என்று நினைத்தேன். அதற்குள் இன்னொரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர்கள் வரிசையாகப் பள்ளத்துக்குள் போனார்கள்.

"இன்னா இது, ஏற ஏற எறங்கறானுங்க" என்றாள் அம்மா.

"அப்டித்தான் ஆயா. மிஷினு நிக்காது. ராவும் பகலும் உள்ள ஆளு இருந்துகினேதான் இருக்கும். நீ கடைசி ஆளுக்கு நிக்கறதா இருந்தா, ரயிலு உட்ற வரிக்கும் நிக்கணும்."

அவர் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. தங்கவயலில் ஏர்பிளாஸ்ட் என்றால் சுரங்கமே நின்றுவிடும். எல்லாரும் ஏறுவார்கள், கடைசி ஆள் என்று ஒருவன் இருப்பான். இங்கே அப்படி ஒருவன் இல்லை. இந்த முறையில் நிற்க ஆரம்பித்தவளுக்கு முடிவே கிடையாது.

"வாம்மா" என்றேன்.

"போன்னு சொல்ல யாருனா இருந்தா போயிடுவேன்" என்றாள். "சொல்லாம ஒரு தபா போனேன். போதும்."

அவளுடைய கணுக்கால் வீங்கிவிட்டது. தூக்கிக்கொண்டு போக ஆள் கூப்பிடலாம். போனால் நாளைக்கு என் முகத்தைப் பார்ப்பாளா? அவளைப் போகச் சொல்லும் உரிமை இந்த ஊரில் ஒரே ஒருத்திக்குத்தான் இருந்தது. கே.கே. நகருக்குப் போன் போட்டேன்.

நான் சொன்னதையெல்லாம் பாக்கியம் அத்தை கேட்டுக்கொண்டார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வெறுங்காலா நிக்கறா?"

"ஆமா அத்தை."

போனை வைத்துவிட்டார்.

பாக்கியம் அத்தை

ஆட்டோவிலிருந்து இறங்கியபோது அவரால் நிமிர முடியவில்லை. முதுகு நன்றாக வளைந்துவிட்டது. ஏழுமலையின் நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். அம்மா அவரைப் பார்க்கவில்லை. வேலியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மாலை வெயில் தகரத்தில் பட்டுக் கண் கூசியது.

"கெயவிக்கு வீம்பு இன்னும் போவல" என்றார் அத்தை, என்னிடம் சொல்வதுபோல.

"அவ மட்டும் இன்னா, ஆட்டோல ஊர்கோலம் வர்றா" என்றாள் அம்மா, அதுவும் என்னிடம்.

அத்தை கொஞ்சம் சிரித்தார். பிறகு, "சரோ" என்றார். அம்மாவின் பெயர் சரோஜா. அந்தச் சுருக்கத்தை நான் கேட்டு நாற்பது வருடங்களுக்கு மேலாகிறது.

"அன்னிக்கி நீ போவும்போது நான் பாத்தேன் சரோ. கொயந்தைக்கு இழுக்குதுன்னு இவ சொன்னதும் காதுல வுயிந்துச்சி. திரும்பிக் கையைக் காட்டினேன். போ, சீக்கிரம் போன்னு காட்டினேன். நீ பாக்கல, ஓடிக்கினு இருந்த."

அம்மாவின் கைகள் அடிவயிற்றிலிருந்து இறங்கின.

"காட்டினியா?"

"காட்டினேன். உன் மேல பழியே கெடையாது. மொதல்ல இருந்தே கெடையாது."

"அப்ப லைனே என்னைப் பேசிச்சே. நீ வாயத் தொறக்கலியே. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே பாக்கியம்."

அத்தை வளையலை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ராவுல நீ அயுவ" என்றார். "செவுத்துக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேக்கும். அதக் கேட்டுக்கினுதான் நானும் படுத்துங்கெடப்பேன். நான் சொல்லிட்டா உனக்கு மனசு ஆறிடும். புருசன் கீறான், இன்னொரு புள்ள கீது. நீ அயுவறத வுட்டுடுவ. அப்பறம் அந்த ராத்திரில நான் மட்டும்தான்டி. இன்னிக்கிச் சொல்லலாம், நாளிக்கிச் சொல்லலாம்னு இருந்தேன். அப்பால சொல்றதுக்கு மூஞ்சி இல்ல."

ஏழுமலை வேலிக்கு உள்ளே போய்விட்டார்.

அம்மா கோபப்படுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் தகரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முரளியின் பெயரை உச்சரிக்கக்கூடத் தனக்குத் தகுதியில்லை என்று நினைத்து வாழ்ந்தவள் அவள். எங்கள் வீட்டில் அவனுக்கு ஒரு வருடமும் விளக்கு ஏற்றியதில்லை. அதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்திக்குத் தூக்கம் வருவதற்காக என்று ஆகிவிட்டது.

"சரி" என்றாள் கடைசியில். "இப்பச் சொல்லு."

அத்தை நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். உட்கார்ந்துகொண்டு சொல்லக் கூடாது என்பதும் அந்த முறையில் இருக்கிறதோ என்னவோ. வலது கையைத் தூக்கி, வீட்டுப் பக்கமாக அசைத்தார்.

"நீ போ சரோ. வூட்டுக்குப் போ."

அம்மா திரும்பினாள். செருப்பைப் போட்டுக்கொண்டாள். தெருவில் நடந்தாள். எங்கள் வீட்டுப் படியேறும்வரை அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போங்க அத்தை" என்றேன்.

"கூப்பிட வேண்டியவ கூப்பிடல" என்றார். "ஆட்டோவக் கூப்புடு."

ஏறி உட்கார்ந்த பிறகும் அவர் வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரையும் போகச் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. அவரைப் போகச் சொல்ல முறையில் யாருக்கும் இடமில்லை. அன்றைக்குச் சுரங்க வாயிலிருந்து அவர் எப்படி வீட்டுக்கு வந்தார், யார் கூட்டிவந்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

அம்மா அன்று சாப்பிடவில்லை. முகம் கழுவிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஒருமுறை தளம் லேசாக அதிர்ந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

ஞாயிறு காலை நான் மோட்டார் போடவில்லை, பால் காய்ச்சவில்லை. நான் எழுந்தபோதே அம்மா என் கட்டிலருகே போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"கே.கே. நகருக்குப் போடு" என்றாள். "ராவு சாப்ட்டாளான்னு கேளு."

"நீயே பேசேம்மா."

"நீ கேளு."

போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்கள். அத்தையின் குரல்தான். கேட்டேன்.

"உங்கம்மா கேக்கச் சொன்னாளா?"

"ஆமா அத்தை."



"இல்லன்னு சொல்லு" என்றார்.

சொன்னேன். அம்மா தலையை ஆட்டிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அரிசி டப்பாவைத் திறக்கும் சத்தமும், எங்கள் இருவருக்கும் போடும் அளவுக்கு மேல் இன்னொரு டம்ளர் அரிசி பாத்திரத்தில் விழும் சத்தமும் கேட்டன.